ஓவியர்களைப் பற்றிய நாவல்கள் ஏன் இவ்வளவு பிடிக்கின்றன?

ஓவியமே தெரியாதவர்களையும் ஓவியர் கதைகள் எப்படி இழுக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அந்தக் கட்சிதான். யானை போடச் சொன்னால் எனக்குப் பெருச்சாளி வரும்.

ஆனால் தஞ்சாவூரில் நான் வளர்ந்த தெருவில் தஞ்சாவூர்ப் படம் செய்கிறவர் ஒருவர் இருந்தார். பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். ரேழியில் உட்கார்ந்து, பலாப் பலகையில் துணி ஒட்டி, சுக்கான் பொடியும் கோந்தும் குழைத்து மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தாள், ஒட்டுவார். ரேக்கு பறந்துவிடும் என்று சித்திரை வெயிலிலும் மின்விசிறியை நிறுத்திவிடுவார். முடிந்த வெண்ணெய்க் கிருஷ்ணன் கடைக்குப் போய்விடும். எங்களுக்கு மிஞ்சுவது அந்தப் புழுக்கமும் கோந்து வாசனையும்தான். ஓவியர் நாவல்கள் என்னை மறுபடி அந்த ரேழியில் கொண்டுபோய் உட்காரவைக்கின்றன.

ட்ரேசி செவாலியரின் 'கேர்ள் வித் எ பேர்ல் இயரிங்' (1999) நாவலில், டச்சு ஓவியர் வெர்மீர் வீட்டுக்கு வேலைக்கு வந்த கிரீட் ரகசியமாக அவருக்கு வர்ணம் அரைத்துக் கொடுக்கிறாள். மேகம் என்ன நிறம் என்று அவர் கேட்க, வெள்ளை என்கிறாள். உற்றுப் பார்த்தால் நீலம், மஞ்சள், பச்சைகூட இருக்கிறது! அதைப் படித்த பிறகுதான், திருவையாறு பஸ்ஸில் போகும்போது நான் வயலைச் சரியாகப் பார்த்தேன். நாற்றங்கால் பச்சை வேறு, நட்டு வேர் பிடித்த பயிரின் பச்சை வேறு, கதிர் பால் பிடிக்கும்போது வேறு. அப்பாவிடம் சொன்னேன். "இது தெரியாமலா இத்தனை வருஷம் சோறு தின்ன?" என்றார்.

சாமர்செட் மாம் 1919-ல் எழுதிய 'தி மூன் அண்ட் சிக்ஸ்பென்ஸ்' அவ்வளவாக ஒட்டவில்லை. வரைவதற்கு அதன் நாயகன் மாதிரிப் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டு ஓட வேண்டுமா என்ன? பெரியப்பா மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்துக்கொண்டேதான் வரைந்தார். சரி, அதன் முடிவை மட்டும் மறக்க முடியவில்லை. பசிபிக் கடலில் இருக்கும் தாஹிதித் தீவில் குடிசைச் சுவர் முழுக்க வரைந்தவன், செத்ததும் எரித்துவிடச் சொல்கிறான். எரித்துவிடுகிறார்கள். இல்லாத அந்தப் படத்தை நான்தான் இன்னும் மனசுக்குள் வரைந்துகொண்டிருக்கிறேன்.

பெரிய கோயிலிலும் எனக்கு இதே கதைதான். கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-ல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அந்தச் சுற்று பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. நூறு தடவை கோயிலுக்குப் போயும் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். ஈரச் சுண்ணாம்பில் வரைந்தவை அவை. காய்வதற்குள் கோடு விழுந்தாக வேண்டும், அதுவும் அந்த இருட்டில். யாராவது இதை நாவலாக எழுதினால் முதல் பிரதி எனக்கு. வரைந்தவனைப் பற்றிக்கூட வேண்டாம், அவனுக்கு விளக்குப் பிடித்துக்கொண்டு நின்ற பையனைப் பற்றி எழுதட்டும்.