நினைவு தப்பிய பிறகு பவர் செல்லுமா?

கேள்வி: அப்பா இரண்டு வருஷம் முன்னால் அண்ணனுக்குப் பொது அதிகாரப் பத்திரம் பதிந்து கொடுத்தார். இப்போது பக்கவாதம் வந்து படுத்த படுக்கை; ஆள் அடையாளம் தெரியவில்லை. வைத்தியச் செலவுக்கு உச்சிப்புளித் தென்னந்தோப்பை அந்தப் பவரை வைத்து விற்கலாம் என்கிறார் அண்ணன். சரிதானா?
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: வேண்டாம், அம்மா. பவர் கொடுத்தவர் இறந்தாலோ, சித்த சுவாதீனம் இழந்தாலோ பவர் அத்தோடு முடிந்தது. 1872 ஒப்பந்தச் சட்டம் பிரிவு 201 அப்படித்தான் சொல்கிறது. ரத்துப் பத்திரம்கூடத் தேவையில்லை. பதிவு அலுவலகத்தில் கேட்கும் உயிர்வாழ் சான்று, அப்பா உயிரோடு இருப்பதை மட்டும்தான் காட்டும். அதனால் கிரயம் பதிவாகிவிடவும் கூடும். வினை பிறகுதான்: அப்பாவுக்கு நினைவில்லை என்று காட்டும் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியைப் பங்காளி ஒருவர் நீதிமன்றத்தில் வைத்தால், தோப்பை வாங்கியவர் பணத்தைக் கேட்டு உங்கள் வாசலில் நிற்பார்.

முதலில், போனது பேச்சா, புத்தியா என்று பாருங்கள். பக்கவாதத்தில் பலருக்கு வாயும் வலது கையும் விழுந்திருக்கும், சொல்வதெல்லாம் புரியும். அப்படியென்றால் அப்பாவே கிரயம் எழுதிக் கொடுக்கலாம்; இடது பெருவிரல் ரேகை போதும். "தான் செய்வது என்ன, அதன் விளைவு என்ன என்று இவருக்குப் புரிகிறது" என்று நரம்பியல் மருத்துவரிடம் தேதியோடு எழுதி வாங்குங்கள். "நலமாக இருக்கிறார்" என்ற ஒற்றை வரிச் சான்று உதவாது. எழுந்து வர முடியாதவர் என்றால், தக்க காரணம் காட்டி மனு கொடுத்தால், பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதியலாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

நிஜமாகவே நினைவு இல்லை என்றால் வழி நீளம். 1890 காப்பாளர் சட்டம் சிறார்களுக்கு மட்டும். 1987 மனநலச் சட்டத்தில், சொத்தைப் பார்த்துக்கொள்ள மாவட்ட நீதிமன்றம் ஆள் நியமிக்க இடம் இருந்தது. அதன் இடத்தில் வந்த 2017 சட்டத்தில் அது இல்லை. அதில் வரும் நியமனப் பிரதிநிதி சிகிச்சை விஷயத்துக்கு மட்டுமே. முதியவர்களை வைத்துப் பார்க்கும் குடும்பங்களை இந்த ஓட்டை வாட்டுகிறது. சட்டசபையும் நாடாளுமன்றமும் இதை அடைத்தே ஆக வேண்டும். அதுவரை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுதான். கோமாவில் கிடந்தவரின் மனைவியைக் காப்பாளராக நியமித்து, சொத்தை விற்கவும் 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்திருக்கிறது. ஒரு பகுதித் தொகையைக் கணவர் பெயரில் டெபாசிட் செய்யவும் சொன்னது. மருத்துவ அறிக்கை, வாரிசுகள் அனைவரின் சம்மதம், பில்கள், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் கையில் இருக்கட்டும்.

கேள்வி: மகனுக்கு வீட்டை செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது சோறு போடுவதில்லை. திரும்ப வாங்க முடியுமா?
– ஒரு தாய், பாம்பன்

பதில்: பத்திரத்தை எடுத்து, "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற வாசகம் இருக்கிறதா என்று படிக்கச் சொல்லுங்கள். இருந்தால் 2007 மூத்த குடிமக்கள் சட்டம் பிரிவு 23-இன்படி ராமநாதபுரம் கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள், வக்கீல் கட்டாயமில்லை. பத்திரத்தில் இந்த நிபந்தனை அவசியம் என்று 2022-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று 2025-இல் சொல்லியிருக்கிறது. ஆகவே வாசகம் இல்லாவிட்டாலும் மனுவைக் கைவிடாதீர்கள். அதே மனுவில் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சமும் கேளுங்கள். உதவிக்கு முதியோர் உதவி எண் 14567.

கேள்வி: கண் தானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பவர் சிங்கப்பூரில் இருக்கும் மகள் பெயரில். அவள் இல்லாமல் நடக்குமா?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: நடக்கும், ஐயா. நீங்கள் போன நொடியே பவரும் போய்விடும். பக்கத்தில் இருக்கும் உறவினரின் சம்மதம்தான் பேசும். கண் தான அட்டையைப் பெட்டியில் பூட்டாமல் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கடற்கரை ஊர்களுக்குக் குழு வந்து சேரவே நேரமாகும் என்பதால் முதல் போன் கண் வங்கிக்குத்தான். மின்விசிறியை அணைத்து, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைத் தலையணையால் உயர்த்த வேண்டும். சர்க்கரையோ புரை ஆபரேஷனோ தடையில்லை. இறந்த பிறகு கொடுக்கும் சிறுநீரகம், கல்லீரல் போன்றவை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் மூளைச்சாவு உறுதியானவரிடமிருந்துதான். 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே குடும்பத்திடம் கையெழுத்துக் கேட்பார்கள்.