முந்திரிகைத் தோட்டத்துக்கு நடுவில ஒரு ஆஸ்பத்திரிப் படம்

கேள்வி: நான் 34 வருசம் நேர்ஸா இருந்து ஓய்வெடுத்தனான். மகன் சுவிஸில, பாசலில இருக்கிறான். வாற செப்டெம்பர் என்னைக் கூப்பிடுறான். பக்கத்தில பிரான்ஸில அல்சாஸ் எண்டு வைன் செய்யிற இடமாம், ரெண்டு நாள் கூட்டிக்கொண்டு போறன் எண்டுறான். நான் குடிக்கிறேல்ல, படம் சிலை பற்றியும் ஒண்டும் தெரியாது. அங்க போய் நான் என்னத்தைப் பாக்கிறது?
- ஓய்வுபெற்ற தாதி, உரும்பிராய்

பதில்: அம்மா, கட்டாயம் போங்கோ. நீங்கள் நேர்ஸா இருந்தனீங்கள் எண்டபடியால்தான் இவ்வளவு உறுதியாச் சொல்றன். பாசலில இருந்து கொல்மார் எண்ட பட்டினத்துக்கு றெயினில முக்கால் மணித்தியாலம் வரும், அங்க உன்டர்லிண்டன் மியூசியம் எண்டு இருக்கு, முந்தி கன்னியாஸ்திரிகளின்ர மடமா இருந்த கட்டடம், அதுக்குள்ள மத்தியாஸ் குரூனவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையில வரைஞ்ச பெரிய பலிபீடப் படம் ஒண்டு இருக்கு. அது மாளிகைக்கோ அரசனுக்கோ வரைஞ்சதில்லை. வருத்தக்காரருக்கு வரைஞ்சது.

கொல்மாருக்குத் தெற்கால இசன்ஹைம் எண்ட ஊரில வனத்து அந்தோனியார் எண்ட பழைய முனிவரின்ர பேரில இருந்த சபைத் துறவியள் ஒரு மடமும் ஆஸ்பத்திரியும் வைச்சிருந்தவை, இந்தப் படம் முதல் அங்கதான் இருந்தது. அந்தக் காலத்தில ‘அந்தோனியார் நெருப்பு' எண்டு ஒரு வருத்தம், கைகால் நெருப்பாய் எரியும், பிறகு கறுத்து அழுகி விழும். றை எண்ட தானியத்தில பிடிக்கிற ஒரு பூஞ்சணம் பாணோட சேந்து உடம்புக்குள்ள போறதால வந்தது, ஆனா அப்ப ஒருத்தருக்கும் காரணம் தெரியாது. துறவியள் நல்ல பாண் குடுத்து, மூலிகை கட்டி, வேற வழியில்லாட்டி காலை வெட்டி, அந்தச் சனத்தை இந்தப் படத்துக்கு முன்னால கூட்டிக்கொண்டு வருவினம். எங்கட சனம் வருத்தம் எண்டால் சந்நிதியான்ர முன்றலில போய்க் கிடக்குதுகள்தானே, அந்த மாதிரி.

அதாலதான் அந்தச் சிலுவையில இருக்கிற யேசுவின்ர உடம்பு முழுக்கப் புண். தோல் பச்சையடிச்சு, விரல் எல்லாம் இழுபட்டு விறைச்சு நிக்குது. நீங்கள் வார்ட்டில கண்ட உடம்புதான் அது. வேற படங்களில கடவுள் வடிவா இருப்பார், இங்க அவருக்கும் எங்கட வருத்தம் வந்திருக்கு எண்டு அந்த நோயாளிக்குத் தெரியவேணும் எண்டு வரைஞ்சிருக்கினம் எண்டுதான் நான் நினைக்கிறன். கதவு மாதிரித் திறக்கிற பலகையள் அது, திறக்கத் திறக்க வேற வேற படம். ஒண்டில உயிர்த்தெழுற யேசு, சிலுவையில பட்ட காயத்தைத் தவிர வேற புண் இல்லாத வெள்ளை உடம்பு, பின்னால சூரியன் மாதிரி வட்டம். இப்ப பலகையளைப் பிரிச்சு வைச்சிருக்கினம், சுத்தி நடந்து எல்லாத்தையும் பாக்கலாம். அந்தோனியாரைப் பேயள் வதைக்கிற படத்தில இடப்பக்கம் கீழ் மூலையைப் பாருங்கோ, வயிறு வீங்கி உடம்பெல்லாம் கொப்பளமா ஒருத்தன் கிடக்கிறான். அந்தோனியார் இன்னொரு முனிவரைச் சந்திக்கிற படத்தில நிலத்தில முளைச்சிருக்கிறது சும்மா புல்லில்லை, மருந்துச் செடியள்.

நான் போனபோது ஒரு மணித்தியாலம் அந்த இடத்தை விட்டு அசையேல்ல. படம் தெரியாது எண்டு நீங்கள் சொல்லாதேங்கோ, உங்களுக்குத் தெரிஞ்சது படிச்ச விமர்சகர் கனபேருக்குத் தெரியாது. மகனிட்டச் சொல்லுங்கோ, பத்து ஊர் ஓடிப் பாக்கிறதை விட்டிட்டு அரை நாளை இதுக்கு ஒதுக்கச் சொல்லி. செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், வேற நாள் போங்கோ.

வெளிய வந்து கிட்டடியில இருக்கிற தொமினிக்கன் தேவாலயத்துக்கும் போங்கோ. கொல்மாரிலயே பிறந்த மார்ட்டின் ஷொங்கவர் 1473இல வரைஞ்ச மாதா, றோசாப் பந்தலுக்குக் கீழ பிள்ளையோட இருக்கிறா, செடிக்குள்ள சின்னச் சின்னக் குருவியள். 1972இல களவு போய் அடுத்த வருசம் கிடைச்ச படம்.

கேள்வி: அங்கயும் எங்களை மாதிரிப் பந்தல் போட்டோ முந்திரிகை வளக்கிறவை?
- தோட்டக்காரன், கோண்டாவில்

பதில்: இல்லை அண்ணை, வரிசையாத் தூண் நட்டுக் கம்பி இழுத்து ஏத்துவினம், அதுவும் மலைச்சரிவில. மேற்குப் பக்கம் வோஜ் மலை மழையை மறிச்சுப்போடும், அதால கொல்மார்ப் பக்கம் பிரான்ஸிலயே மழை குறைஞ்ச இடங்களில ஒண்டு, வெயில் நல்லா விழும். எங்களுக்குப் பனிக்காலம் இல்லை, நாங்களே கவ்வாத்துப் பண்ணித் துளிர்க்க வைச்சு வருசத்தில ரெண்டு தரம் பழம் எடுக்கிறம், அங்க கொடி இலை கொட்டி நித்திரை கொள்ளும், அதால வருசத்துக்கு ஒரே ஒரு அறுவடை, செப்டெம்பர் ஒக்டோபரில. பழம் சின்னன், விதை இருக்கும். ரீஸ்லிங், கெவூர்ஸ்ட்ராமினர் மாதிரி வெள்ளை வைன் இனங்கள்தான் கூட. 1953இல திறந்த வைன் பாதை மார்லன்ஹைமில இருந்து ‘தான்’ (Thann) எண்ட ஊர் மட்டும் கிட்டத்தட்ட 170 கிலோமீற்றர். எகிஸ்ஹைமில வட்டம் வட்டமா ஒழுங்கையள், மரச்சட்டம் போட்ட வீடுகள், கூரையில நாரைக்கூடு. ஒரு பின்னேரம் காணும்.

கேள்வி: சுவிஸ் விசாவில பிரான்ஸுக்குள்ள போகலாமோ? நான் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்யிறது?
- வாசகி, நல்லூர்

பதில்: போகலாம். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில இல்லையெண்டாலும் ஷெங்கன் எண்ட, ஒரே விசாவில போய்வரக்கூடிய நாடுகளின்ர கூட்டில இருக்கு, ஷெங்கன் விசா ரெண்டுக்கும் காணும். பாஸ்போட்டைக் கையோட கொண்டு போங்கோ. சாப்பாடுதான் கவனம், தார்ட் ஃபிளாம்பே எண்டு மெல்லிய ரொட்டியில வெங்காயம் போட்டுத் தருவினம், பாக்க ஒண்டும் தெரியாது, அதுக்குள்ள பண்டி இறைச்சித் துண்டு கிடக்கும். கூகல்ஹொப்ஃப் எண்ட இனிப்புப் பாணிலயும் முட்டை. காலமையே ரொட்டியும் கிழங்குப் பிரட்டலும் கட்டிக்கொண்டு போங்கோ, கொல்மாரில ஆத்தங்கரையில இருந்து ஆறுதலாச் சாப்பிடலாம்.