கைட்டோசான் பூசிய தங்க நானோதுகள் பஃபரில் நீலமாவது ஏன்?

தண்ணீரில் ஒயின் சிவப்பாக இருந்த கரைசல் பாஸ்பேட் பஃபரில் (பிஎச்-ஐ நிலையாக வைக்கும் உப்புக் கரைசல்) கலந்த பத்தே நிமிடத்தில் நீலமாகிவிட்டது என்கிறீர்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. நிறமாலையைப் பாருங்கள், 520 நானோமீட்டர் வாக்கில் இருந்த உச்சி நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்திருக்கும்.

தப்பு உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை, இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் பாலிமரான கைட்டோசானின் குணமே அதுதான். அதன் அமீன் தொகுதிகளின் பிகேஏ, அதாவது அவற்றில் பாதி மின்னேற்றம் இழக்கும் பிஎச், 6.5 அளவில் இருக்கிறது. அமிலக் கரைசலில் நேர்மின்னேற்றம் துகள்களைத் தள்ளி நிறுத்தும், பிஎச் 7.4-இல் அதில் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தை உப்பு மறைத்துவிடும், போதாக்குறைக்குப் பாஸ்பேட் அயனிகள் சங்கிலிகளைப் பிணைக்கும். இன்னும் கைட்டோசான் சேர்ப்பது வீண். நானும் ஒரு மாதம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மின்னேற்றத்தை மட்டும் நம்பாத பூச்சு வேண்டும். தங்கத்துக்கு என் முதல் தேர்வு அரபிக் கோந்து: நீரை உறிஞ்சி உப்பிய போர்வையாக நின்று, உப்பிலும் துகள்களை நெருங்கவிடாது. டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைப் பாலிமர் இரும்பு ஆக்சைடில்தான் நன்றாக உட்காரும். சளிச்சவ்வில் ஒட்டுவதற்காகக் கைட்டோசானே வேண்டுமென்றால் டிரைமெத்தில் கைட்டோசான் எடுங்கள். அதன் மின்னேற்றம் பிஎச் மாறினாலும் நிற்கும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன், எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் வெளிச்சுவரிலிருந்து வரும் நச்சு) இருக்கிறதா என்று பார்த்தீர்களா? இயற்கைச் சரக்கு என்பதால் செல்களில் விடுமுன் அதைக் கண்டறியும் எல்ஏஎல் சோதனை கட்டாயம்.