ரப்பர் படகு வாங்கலாமா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, காட்பாடியில் ஏரிக்குக் கீழே உள்ள ஒரு நகரில் குடியிருக்கிறோம். 2021 நவம்பரில் எங்கள் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதன் பிறகு, ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று பேசுவதற்காக நானும் இரண்டு தோழிகளும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடத் தொடங்கினோம். ஆரம்பத்தில் இருபது பேர் வந்தார்கள். இப்போது ஏழெட்டுப் பேர்தான். அதிலும் ஓய்வு பெற்ற இரண்டு பெரியவர்கள், தாங்கள் வாங்கிய டார்ச், இன்வெர்ட்டர், மடக்குக் கத்தி ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறார்கள். சந்தாப் பணத்தில் ரப்பர் படகு வாங்க வேண்டுமாம். மாமியாரோ, ‘விளக்கு வைக்கிற நேரத்தில் வெள்ளம், சாவு என்று என்ன பேச்சு?’ என்கிறார். கணவர் கிண்டல் செய்கிறார். கூட்டத்தைத் தொடரலாமா, விட்டுவிடலாமா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, காட்பாடி

பதில்: அன்புத் தங்கைக்கு,

படகு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். தெருவில் ஓடும் வெள்ளத்தில் படகு விடுவது தனிப் பயிற்சி. தண்ணீருக்கு அடியில் முள்வேலி இருக்கும், மூடி இல்லாத சாக்கடை இருக்கும், அறுந்து விழுந்த மின்கம்பியும் இருக்கலாம். அது போகட்டும், மூன்று வருடம் பரணில் கிடக்கும் ரப்பரை எலி விட்டுவைக்குமா? படகும் அதை ஓட்டத் தெரிந்தவர்களும் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. சந்தாப் பணத்தில் கனமான நைலான் கயிறு இரண்டு, வீட்டுக்கு ஒரு விசில், கையில் பிடித்துப் பேசும் ஒலிபெருக்கி ஒன்று வாங்குங்கள். அடைமழையில் கத்திக் கூப்பிட்டால் நாலாவது வீட்டுக்குக் கேட்காது, விசில் கேட்கும்.

இனி, கூட்டம் ஏன் கரைந்தது என்பதற்கு வருவோம். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் யூகிக்கிறேன். யாரோ ஒருவர் வீட்டு ஹாலில், சோபாவில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். பேச்சு முழுக்க வாங்கிய பொருளைப் பற்றி. வாங்க வசதி இல்லாதவர் இரண்டாவது முறை ஏன் வரவேண்டும்? தெருமுனையில் இஸ்திரி போடுபவரும், தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பமும், பூ விற்கும் அம்மாவும் அந்த சோபாவில் வந்து உட்கார மாட்டார்கள். வெள்ளம் முதலில் நுழைவது அவர்கள் வீட்டில்தான். அவர்கள் வராத கூட்டத்தில் எவ்வளவு பேசினாலும் அது பொழுதுபோக்குதான்.

ஆகவே அடுத்த கூட்டத்தை மொட்டை மாடிக்கு மாற்றுங்கள். அன்றைக்குப் பேச்சே வேண்டாம். கோலமாவை எடுத்துத் தரையில் உங்கள் நகரை வரையுங்கள். ஏரிக்கரை எங்கே, உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் எங்கே, கால்வாய் எந்த வழியாக வருகிறது, எந்தத் தெரு பள்ளம் என்று ஒவ்வொருவரும் குனிந்து ஒரு கோடு போடட்டும். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை வையுங்கள். மாடி உள்ள வீடு என்றால் கூடவே ஒரு கொண்டைக்கடலை. படுக்கையில் இருப்பவர், கர்ப்பிணி, கைக்குழந்தை உள்ள வீட்டில் காய்ந்த மிளகாய். டிரான்ஸ்பார்மர் நிற்கும் இடத்தில் செங்கல் துண்டு. பிறகு நீலக் கலர்ப்பொடியை எடுத்து, 2021இல் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்தது, எது வரை ஏறியது என்று தூவச் சொல்லுங்கள். அப்போது பாருங்கள், சண்டை வரும். ‘எங்கள் வீட்டுக்குப் பின்பக்கமாகத்தான் வந்தது’ என்பார் ஒருவர். ‘அந்த மனை போடுவதற்கு முன்னால் அங்கே கால்வாய் இருந்தது’ என்பார் ஒரு பாட்டி. அந்தப் பாட்டியை விட்டுவிடாதீர்கள்.

சண்டை ஓய்ந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஏரி நிரம்பி வழிந்து கோடி போகிறது என்று தகவல் வருகிறது. ஒவ்வொரு மிளகாயின் கதவையும் தட்டப்போவது யார்? அவர்களைத் தூக்கிக்கொண்டு எந்தக் கொண்டைக்கடலைக்குப் போவது? அந்த வீட்டுக்காரர் ஊரில் இல்லாவிட்டால் சாவி யாரிடம்? பதில்களை ஒரு நோட்டில், பேனாவால், கைப்பேசி எண்களோடு எழுதுங்கள். கரண்ட் போன இரண்டாம் நாள் கைப்பேசி தகரத்துண்டு மாதிரிதான். உங்கள் கூட்டம் உருப்படியாகச் செய்யக்கூடிய காரியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. அதனால் வெள்ளம் என்பது சென்னைக்காரர் கவலை என்று இருந்துவிட்டோம். 1903 நவம்பரில் மேல்பகுதி ஏரிகள் உடைந்து வாணியம்பாடியைச் சூறையாடியதும் இதே பாலாறுதான். 2021இல் மோர்தானா அணை நிரம்பி வழிந்து கவுண்டன்யா ஆறு குடியாத்தத்துக்குள் புகுந்தது. பொன்னையாற்றில் ஆந்திரத்துக் கலவகுண்டா அணையிலிருந்து தண்ணீர் வந்தது. டிசம்பரில் திருவலம் அருகே பொன்னையாற்று ரயில் பாலத்தில் பழுது ஏற்பட்டு ரயில்கள் ரத்தாயின. கழிஞ்சூர் ஏரி நிரம்பினால் வி.ஜி. ராவ் நகர் படும் பாட்டையும், ஒரு மணி நேர மழைக்குக் கன்சால்பேட்டை படும் பாட்டையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2021 நவம்பரில் பேர்ணாம்பட்டில் குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்களே, அவர்களை ஆறு அடித்துக்கொண்டு போகவில்லை. ஊறிப்போன சுவர் விழுந்தது. ஆகையால் ஒரு ஞாயிறு எல்லோரும் தெருவில் நடந்து சுவர்களைப் பாருங்கள். சாய்ந்த காம்பவுண்டு சுவர், பூச்சு உப்பிக் கையால் தட்டினால் சத்தம் மாறும் மண்சுவர், அடியில் தண்ணீர் அரித்த சுவர் எல்லாவற்றையும் நோட்டில் குறியுங்கள். எந்தச் சுவரின் அந்தப் பக்கம் யார் தலை வைத்துப் படுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். மழை முடியும் வரை கட்டிலை எதிர்ப்பக்கம் நகர்த்தச் சொல்வதற்குக் காசு செலவில்லை.

டார்ச் பெரியவர்களை விரட்டிவிடாதீர்கள். ஆர்வம் இருக்கிறது, வேலைதான் இல்லை. இன்வெர்ட்டர் வைத்திருப்பவரிடம், ‘ஐயா, கரண்ட் போனால் தெருவின் கைப்பேசிகளுக்கெல்லாம் உங்கள் வீடுதான் சார்ஜ் போடும் இடம்’ என்று சொல்லி, நோட்டில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கத்திக்காரரிடம் இன்சுலினை ஒப்படையுங்கள். தெருவில் யார் யார் இன்சுலின் போடுகிறார்கள், ஃபிரிட்ஜ் நின்றுவிட்டால் எங்கே வைப்பது என்று அவர் விசாரித்து வரட்டும். பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈரமணல், மேலே ஈரத்துணி என்று வைத்தால் உள்ளே வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். மருந்து நனையாமல் டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். எத்தனை நாள் தாங்கும் என்பதை அவரவர் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு பொறுப்பு கையில் இருந்தால் மடக்குக் கத்தியைப் பற்றிப் பேச அவருக்கு நேரம் இருக்காது.

வெள்ளத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வேலூர்க்காரருக்கு ஆண்டு தவறாமல் வரும் ஆபத்து வெயில். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து போட்டுக் கலக்கச் சித்திரைக் கூட்டத்தில் சிறுவர்களுக்குப் பழக்குங்கள். உப்பு கூடினால் கெடுதல், அதனால் அளவு முக்கியம். வெயிலில் விழுந்தவர் பிதற்றினால் நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிட வேண்டும், நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 1944இல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. அந்த வாரத்தில் உங்கள் தெருவுக்கு வந்து செய்துகாட்டுவார்களா என்று தீயணைப்பு நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். எரியும் சிலிண்டரை ஈரச்சாக்கு போட்டு அணைப்பதை அவர்கள் செய்துகாட்டினால் வயதானவர்கள்கூட எழுந்து நின்று பார்ப்பார்கள். சிலிண்டர் கசிவுக்கு 1906 என்ற எண்ணை அன்றைக்கே அடுப்படிச் சுவரில் எழுதச் சொல்லுங்கள்.

சாப்பாடு என்ன வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆம்பூர் பிரியாணி என்று அறிவித்தால் மாடி கொள்ளாது, சாப்பிட்டதும் மாடி காலியாகிவிடும். அவசரத்துக்கென்று டப்பாவில் வைத்திருக்கும் அவல், வெல்லம், வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலைதான்), பொட்டுக்கடலையை ஒவ்வொருவரும் கொண்டுவரட்டும். அடுப்பில்லாமல் அவலை நனைத்து, வெல்லம் சீவி, அங்கேயே சாப்பிடுங்கள். பழையது தீரும், வீட்டுக்குப் போனதும் டப்பாவைப் புதிதாக நிரப்பியாக வேண்டும். வண்டு வைத்த அவலைக் கொண்டுவருபவர் யார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் குழு வைத்திருப்பீர்கள், வைக்காமல் இருக்க மாட்டீர்கள். ‘ஏரி உடைந்துவிட்டது’ என்று வரும் குரல்பதிவை அனுப்பும் முன் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077இல் ஒருவர் கேட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதையும் நோட்டில் எழுதிவிடுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070.

உங்கள் மாமியார் பேச்சில் தவறில்லை. ஐப்பசி பிறக்கும் முன் விறகை உள்ளே அடுக்கி, வடகமும் புளியும் பானையில் ஏற்றி, ஓடு மாற்றிய தலைமுறை அது. அதையெல்லாம் செய்தார்கள், வாயால் சொல்லவில்லை. அவரை ‘அத்தை, நீங்கள் வந்த புதிதில் இங்கே தண்ணீர் எந்த வழியாகப் போகும்?’ என்று கேட்டு மாடிக்கு அழைத்துப் போங்கள். மாலை ஐந்து மணிக்கே தொடங்குங்கள், விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிடும்.

கணவரிடம் வாதம் செய்யாதீர்கள். 2021இல் ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் நனைந்ததா என்று மட்டும் கேளுங்கள். பத்திரம், பட்டா, இன்சூரன்ஸ், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஜிப் வைத்த கனமான பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிரதிகளை மேட்டுப் பகுதியில் உள்ள ஓர் உறவினர் வீட்டில் கொடுத்து வைக்கும் வேலையை அவரிடம் விடுங்கள். கிண்டல் செய்துகொண்டே செய்வார், செய்யட்டும்.

தொடரலாமா என்று கேட்டீர்கள். கோலமாவுக் கூட்டத்தைப் புரட்டாசி முடிவதற்குள் வைத்துவிடுங்கள். ஐப்பசி பிறந்தால் மாடியில் கோலம் நிற்காது.