தம்பிக்காக வேணும்னே தோத்தேன், இப்ப அவன் போர்டு பக்கமே வரமாட்டேங்குறான்

கேள்வி: அக்கா, நாங்க யாங்கூன்ல தாம்வே பக்கம் இருக்கோம், எனக்கு 23 வயசு, தம்பிக்கு 14. சிங்கப்பூர்ல இருந்து சித்தப்பா கட்டான் போர்டு கேம் வாங்கிட்டு வந்தாரு, கல்லு, கோதுமைன்னு கார்டு சேத்து ரோடு, வீடு, சிட்டி கட்டி முதல்ல 10 பாயிண்ட் எடுக்குறவங்க ஜெயிக்கிற ஆட்டம். கரண்ட் இல்லாத ராத்திரியில பாய் விரிச்சு, சார்ஜ் லைட் வெளிச்சத்துல நான், தம்பி, அம்மா மூணு பேரும் ஆடுவோம். எப்பவும் நான்தான் ஜெயிப்பேன், அவன் மூஞ்சைத் தூக்கி வச்சுக்குவான், அம்மா "சின்னப் புள்ளதானே, விட்டுக்குடுடி"ன்னு சொல்லுவாங்க. அதனால ஒரு நாள் வேணும்னே தோத்தேன். எனக்கு 9 பாயிண்ட் இருந்துச்சு, கையில மூணு கல்லு ரெண்டு கோதுமை, ஒரு வீட்டை சிட்டி ஆக்கியிருந்தா 10 ஆகி முடிஞ்சிருக்கும், ஆனா ஆக்காம டைஸை அவன்கிட்ட தள்ளிட்டேன். அவன் ஜெயிச்சு ஒரே குதி. அப்புறம் கார்டெல்லாம் அடுக்கி பெட்டியில வைக்கும்போது என் கார்டைப் பாத்துட்டான். ஒண்ணும் பேசல. மூணு வாரமாச்சு, கேமுக்குக் கூப்பிட்டா ஹோம்வர்க்குங்குறான். நல்லதுக்குத்தானே செஞ்சேன், என்ன பண்றது அக்கா? (பேர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, உன் லெட்டர்ல என் மனசுல தங்கினது அவன் ஒண்ணும் பேசலங்குற இடம்தான், ஏன்னா தோத்தப்பல்லாம் மூஞ்சைத் தூக்கின பையன் இந்தத் தடவை கத்தவும் இல்ல போர்டைத் தட்டிவிடவும் இல்ல, அந்த அஞ்சு கார்டைப் பாத்ததும் தான் குதிச்சதை நெனச்சு அவனுக்கு எவ்வளவு வெட்கமா இருந்திருக்கும். நீ பாசத்துல செஞ்ச, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அவன் இதுவரைக்கும் ஜெயிச்ச ஒரே ஒரு ஆட்டத்தையும் நீ அவன்கிட்ட இருந்து எடுத்துட்ட, இனிமே உண்மையாவே ஜெயிச்சாலும் அக்கா விட்டுட்டாளோன்னுதான் அவனுக்குத் தோணும். நம்ம வீடுகள்ல மூத்தவங்க விட்டுக்குடுக்கணும்னு சொல்லிச் சொல்லியே வளக்குறாங்க, சாப்பாட்டுல குடு, டிவி ரிமோட்டைக் குடு, ஆனா ஆட்டத்துல குடுக்காதே மா.

நானும் எங்க அண்ணனும் சின்ன வயசுல தரையில சாக்பீஸால கோடு போட்டு புளியங்கொட்டை வச்சு ஆடுபுலி ஆடுவோம். அவருக்கு என்னை விட ஆறு வயசு கூட, ஒரு தடவை கூட விட்டுக்குடுத்தது கிடையாது, நான் அழுதுகிட்டே போய் அம்மாகிட்ட சொல்லுவேன், திரும்பி வந்து மறுபடி உக்காருவேன். ஒரு நாள் அவரோட மூணு புலியையும் நகர விடாம கட்டிட்டேன். அண்ணன் குனிஞ்சு கோடு கோடா விரலை வச்சுப் பாத்தாரு, எங்கயாவது வழி இருக்குமான்னு, ரொம்ப நேரம் பாத்தாரு, இல்ல. அப்ப அவர் மூஞ்சி வாடுனதைப் பாத்தேனே, அந்த சந்தோஷத்தை அவர் விட்டுக்குடுத்திருந்தா நான் பாத்திருக்கவே முடியாது.

அந்த ஆட்டத்தையே எடுத்துக்கோ, ஒரு பக்கம் மூணு புலி, இன்னொரு பக்கம் 15 ஆடு, ரெண்டு பக்கமும் சமமே இல்ல, ஆனா அது ரெண்டு பேருக்கும் முன்னாடியே தெரியும், அதனால யாருக்கும் அவமானம் இல்ல. நீ செய்ய வேண்டியதும் இதுதான், சலுகையை ஒளிச்சு குடுக்காதே, ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வெளிப்படையா பேசி வச்சுக்கோ. கறுப்பு வெள்ளைக் கல்லு வச்சு ஆடுற கோ ஆட்டத்துல பலம் கம்மியான ஆளுக்கு ரெண்டுல இருந்து ஒம்போது கல்லு வரைக்கும் போர்டுல முன்கூட்டியே வச்சுத்தான் ஆரம்பிப்பாங்க, ஆள் தேற தேற கல்லைக் குறைச்சுக்கிட்டே வருவாங்க, போன மாசம் நாலு கல்லு இந்த மாசம் மூணுன்னு சொல்லிக்கிறதே அங்க பெருமை. கட்டான்ல நீங்க மூணு பேரும் முதல் வீட்டை வரிசையா வச்சிட்டு ரெண்டாவது வீட்டைத் தலைகீழ் வரிசையில வைப்பீங்கல்ல, அதுக்குப் பதிலா தம்பி ரெண்டு வீட்டையும் முதல்லயே வச்சுக்கட்டும். இல்லன்னா அவனுக்கு 10 பாயிண்ட், உனக்கு 12னு வச்சுக்கோ. அவன் தொடர்ந்து ரெண்டு ஆட்டம் ஜெயிச்சா 12 ஐ 11 ஆக்கு, ஒரு நோட்டுல எழுதி வை. எந்த சலுகைன்னு அவனே சொல்லட்டும், வேண்டாம்னா விட்டுடு.

இன்னொண்ணு கேக்குறேன், வீடு எங்க வைக்கணும்னு அவனுக்கு யாராச்சும் சொல்லிக் குடுத்தீங்களா? வீட்டை ஒட்டி இருக்குற நம்பர் டைஸ்ல விழுந்தாத்தானே கார்டு வரும். ரெண்டு டைஸ் உருட்டினா 36 விதமா விழும், அதுல 8 விழுறதுக்கு அஞ்சு வழி, 6க்கும் அஞ்சு, 12க்கு ஒரே ஒரு வழி, அதைத்தான் அந்த நம்பர் வட்டத்துக்குக் கீழ இருக்குற சின்னப் புள்ளி காட்டுது. நெறைய பசங்க புள்ளியை எண்ணாம, கடல் பக்கம் அழகா இருக்கு, துறைமுகம் இருக்குன்னு போய் வச்சிட்டு ஆட்டம் முழுக்க கார்டு வரலன்னு எரிச்சலாவாங்க, அது அந்த முதல் ரெண்டு வீட்டுலயே தோத்த ஆட்டம். ஒரு நாள் ஜெயிக்கிறது தோக்குறது ஒண்ணும் இல்லாம கார்டையெல்லாம் திறந்து வச்சு ஆடுங்க, "நான் ஏன் இங்க ரோடு போடுறேன்"னு வாய்விட்டு சொல்லிக்கிட்டே ஆடு. ஆனா தோத்த உடனே "நீ இங்கதான் தப்பு பண்ண"ன்னு ஆரம்பிக்காதே, சாப்பிட்டு முடிச்சு அவனா கேட்டா சொல்லு.

கட்டானை இப்போதைக்குத் தொட மாட்டேன்னு அவன் பிடிவாதமா இருந்தா, இங்கயே இருக்கே நம்ம பர்மா செஸ், சித்துயின், அது கிடைச்சா ஆடிப் பாருங்க. அதுல சிப்பாய் நிக்கிற இடம் மட்டும்தான் முன்னாடியே முடிவானது, ராஜா யானை குதிரையெல்லாம் எங்க நிக்கணும்னு ஆடுறவங்களே வச்சுக்கணும், ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னாடியே பாதி யோசனை ஓடிடும். உனக்கும் புதுசு அவனுக்கும் புதுசு, ரெண்டு பேரும் சேந்து தப்பு பண்ணலாம்.

முதல்ல மன்னிப்பு கேளு. "உனக்காகத்தான் செஞ்சேன்"னு இழுக்காதே, அது மறுபடி அவனைச் சின்னப் புள்ளையாக்குறது. "அன்னைக்கு நான் வேணும்னே தோத்தேன், தப்பு, இனிமே பண்ண மாட்டேன்", அவ்வளவுதான். அம்மாகிட்ட தனியா சொல்லி வை, அவன் காதுல விழுற மாதிரி விட்டுக்குடுன்னு சொல்ல வேண்டாம்னு. கட்டான்ல திருடன் காய் நிக்கிற இடத்துல கார்டு வராதுல்ல, அம்மா அந்தத் திருடனை எப்பவும் உன் வயல்ல மட்டும் வைக்கிறாங்கன்னா அதையும் நிறுத்தச் சொல்லு, அதையும் அவன் பாத்துக்கிட்டுத்தான் இருப்பான்.

நம்ம சென்னை வைஷாலியும் தம்பி பிரக்ஞானந்தாவும் இருக்காங்கல்ல, செஸ் முதல்ல கத்துக்கிட்டது அக்கா, கிராண்ட்மாஸ்டர் முதல்ல ஆனது தம்பி, 2018ல. அக்காவுக்கு அந்தப் பட்டம் 2023 டிசம்பர்ல வந்துச்சு, 2024ல புடாபெஸ்ட் ஒலிம்பியாட்ல ரெண்டு பேரோட டீமுக்கும் தங்கம். உன் தம்பிக்கு 14தான், ரெண்டு மூணு வருஷத்துல உன்னைத் தாண்டிப் போனாலும் போவான், அப்ப நீயும் அவன் வேணும்னே தோத்தா ஏத்துக்க மாட்ட.

ஒரு சின்ன விஷயம், அம்மா ஒரு நாள் வரலன்னா ரெண்டு பேரும் மட்டும் கட்டான் ஆட உக்காராதீங்க, அந்தப் பெட்டி மூணு நாலு பேருக்குத்தான், ரெண்டு பேர் ஆடினா கார்டு மாத்திக்க வேற ஆள் இருக்காது. பக்கத்து வீட்டுல அவன் வயசுல யாராச்சும் இருந்தா கூப்பிடச் சொல்லு, அவனே போய் கூப்பிடட்டும்.