கினிப்பன்றிக்குத் திடீர் வலிப்பு: மருத்துவர் ஒன்றுமில்லை என்கிறார்

கேள்வி: இரண்டு கினிப்பன்றிகள் வளர்க்கிறேன். பெரியது சில வாரங்களாகவே சொறிந்துகொண்டிருந்தது. போன வாரம் சொறியும்போதே கீச்சென்று கத்தி விழுந்து கால்களை உதறியது. ஒரு நிமிடத்தில் எழுந்து புல் தின்னப் போய்விட்டது. மருத்துவர் தோலைச் சுரண்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். சின்னதற்குக் கண்ணில் பால் போல வடிகிறது, சிறுநீர் சில நாள் செம்பழுப்பாக இருக்கிறது. வைட்டமின் சி சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்துதான் வைக்கிறேன். என்ன நோய் இது?

பதில்: சின்னதைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டாம். கினிப்பன்றி முகம் கழுவுவதே அந்தப் பால் நிற நீரால்தான். இரண்டு கண்ணிலும் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் இயல்பு. ஒரே கண்ணில் வடிந்துகொண்டே இருந்து ஓரம் காய்ந்து ஒட்டினால் காட்ட வேண்டும். சிறுநீரில் உள்ள நிறமி காரணமாகத் தரையில் கிடக்கும்போது செம்பழுப்பாகத் தெரிவதும் உண்டு. ஆனால் விடும்போதே சிவப்பாக இருந்தாலோ, முதுகைக் கூனிக்கொண்டு முனகினாலோ சிறுநீர்ப்பையில் கல் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் ரத்தம் கலந்திருக்கிறதா என்று சிறுநீரைப் பரிசோதித்துவிடுங்கள்.

பெரியதுதான் விஷயம். சொறியும்போதே விழுந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. ட்ரிக்சகாரஸ் கேவியே என்றொரு சொறி உண்ணி உண்டு. தோலுக்குள் குடைந்து வாழ்வதால் கண்ணுக்குத் தெரியாது. அரிப்பு முற்றிப்போனால் தாங்க முடியாமல் வலிப்பே வரும். முதுகு, தோள், தொடைப் பக்கம் முடி உதிர்ந்து தோல் செதிலாகியிருக்கிறதா என்று விலக்கிப் பாருங்கள். சுரண்டிப் பார்த்ததில் உண்ணி அகப்படவில்லை என்பதால் உண்ணியே இல்லை என்று ஆகிவிடாது. ஆழத்தில் இருப்பது தப்பிவிடும். அதனால் சந்தேகத்தின் பேரிலேயே உண்ணியைக் கொல்லும் ஐவர்மெக்டின் அல்லது செலாமெக்டின் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். எடை பார்த்துத்தான் அளவு. மாட்டுக்கு வாங்கிய மருந்தை நீங்களாகவே கொடுக்க வேண்டாம். ஒரு தடவையோடு தீராது, இடைவெளி விட்டுத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். சின்னதற்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், கூண்டில் விரித்ததை முழுக்க மாற்ற வேண்டும். உங்கள் கையிலும் அரித்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

சரி, உண்ணி ஏன் இப்போது தலைதூக்கியது? எனக்குத் தண்ணீரில் கலக்கும் அந்தச் சொட்டு மருந்தின் மேல்தான் சந்தேகம். நம்மைப் போலவே கினிப்பன்றிக்கும் வைட்டமின் சி உடம்பில் சுரக்காது; தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வரை உள்ளே போக வேண்டும். தண்ணீரில் கலந்தது வெளிச்சம் பட்டுச் சீக்கிரமே வீணாகிவிடும், சுவை மாறுவதால் தண்ணீர் குடிப்பதும் குறையும். பழைய தீவனப் பாக்கெட்டிலும் சத்து இருக்காது. இந்தச் சத்து குறைந்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும், அப்புறம் உண்ணிக்குக் கொண்டாட்டம். மூட்டு வீங்கும், தூக்கினால் கத்தும். மருந்தை நேராக வாயில் கொடுங்கள். குடைமிளகாய்த் துண்டும் தினமும் வையுங்கள்.

பயத்தில் வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை மட்டும் வாயில் ஊற்றிவிடாதீர்கள். நமக்குச் சாதாரண மருந்துதான்; கினிப்பன்றிக்கோ குடலின் நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுத்துவிடும்.

இன்னொன்று, வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். நோயை மறைக்கும் பிராணி இது. முகத்தில் தெரியாதது எடையில் தெரியும். அரை நாளாகத் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள், குடல் நின்றுபோகும்.

மறுபடி வலிப்பு வந்தால் பிடித்து அமுக்க வேண்டாம். முட்டிக்கொள்ளும்படி எதுவும் பக்கத்தில் இல்லாமல் எடுத்துவிட்டுக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். மருத்துவர் மேசையில் அது ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருக்கும்; உங்களிடம் இருக்கும் படத்தைத்தான் அவர் பார்க்க வேண்டும்.