பைபிளின் ஞான நூல்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சொந்த ஊர் பாபநாசம், இப்போது ஜெர்மனியில் மியூனிக்கில் இருக்கிறேன். இங்குள்ள சபையில் வாரம் ஒருநாள் யோபுவும் பிரசங்கியும் படிக்கிறோம். அவர்கள் சொல்லும் எண்ணைத் தமிழ் பைபிளில் புரட்டினால் வேறு வசனம் வருகிறது. எது தப்பு?

பதில்: இரண்டும் சரிதான். அவர்கள் படிக்கும் ஜெர்மன் மொழிபெயர்ப்பான லூத்தர் பைபிள் எபிரெய மூலத்தின் வசன எண்களை வைத்துக்கொள்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பு ஆங்கில பைபிளின் எண்களை. பிரசங்கியில் நமக்கு 5:1 என்பது அவர்களுக்கு 4:17. அதனால் 5-ஆம் அதிகாரம் முழுக்க அவர்கள் எண் ஒன்று குறைவாக வரும், 6-இல் சேர்ந்துவிடும். யோபுவில் லிவியாதான் என்ற பெரிய நீர்விலங்கைத் தூண்டிலால் பிடிக்க முடியுமா என்று கேட்கும் நம் 41:1 அவர்களுக்கு 40:25. நம் 41:9-தான் அவர்களுடைய 41:1. அங்கிருந்து அதிகாரம் முடியும்வரை எட்டைக் கழித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தால் கூட்டத்தில் தடுமாற வேண்டாம்.

எண்ணைவிடப் பெரிய வழுக்கல் ‘மாயை’. பிரசங்கியில் 30 தடவைக்கு மேல் வரும் எபிரெயச் சொல் ‘ஹெவெல்’. மூச்சு, ஆவி என்று பொருள். மார்கழிப் பனிமூட்டம் வயலை மூடிக்கொண்டு நிற்கும், வெயில் ஏறினால் காணாது, அதுபோல. ஆபேலின் பெயரும் எபிரெயத்தில் இதே எழுத்துகள்தான். நம் பழைய மொழிபெயர்ப்பு இதற்கு ‘மாயை’ என்று போட்டது. உடனே வேதாந்தம் உள்ளே வந்துவிடுகிறது. உலகம் பொய்த் தோற்றம் என்று பிரசங்கி எங்கும் சொல்லவில்லை. சாப்பிடு, குடி, உழைப்பில் மகிழ், மனைவியோடு வாழ்வை அனுபவி (2:24, 9:9) என்கிறவர் அவர். சோற்றைப் பொய் என்று சொல்பவர் இப்படிப் பேசமாட்டார். கத்தோலிக்கர் கையிலுள்ள திருவிவிலியம் ‘வீண்’ என்கிறது. அதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 11:10-இல் சீக்கிரம் மறைவது, 2:11-இல் பலன் இல்லாதது, 8:14-இல் நல்லவனுக்குக் கெட்டவன் கூலி கிடைக்கும் புரியாத அநியாயம். சொல் வரும் இடத்திலெல்லாம் இம்மூன்றில் எது என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே போங்கள். ஜெர்மன் நண்பர்களுக்கும் அவர்கள் மொழிபெயர்ப்பில் இதே சிக்கல் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: “உஷ்ணகாலத்திலே உறைந்தபனியும், அறுப்புக்காலத்திலே மழையும் தகாததுபோல, மூடனுக்கு மகிமை தகாது” என்று நீதிமொழிகள் 26:1 சொல்கிறது. எங்களுக்கு அறுப்பில் மழை வருஷா வருஷம் வருகிறதே! (திருத்துறைப்பூண்டி விவசாயி)

பதில்: நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அப்போதுதான். நெல் நனைந்து, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டி, கொள்முதல் நிலைய வாசலில் குவியலோடு காத்துக்கிடப்பது உங்களுக்குப் பழகிப்போன கஷ்டம். அதனால் இந்த வசனத்தை ‘அடிக்கடி நேரும் தொல்லை’ என்று படித்துவிடுகிறோம். சாலொமோனின் நாட்டில் மழைக்காலம் ஏறக்குறைய அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை. வாற்கோதுமை ஏப்ரலில், கோதுமை மே, ஜூனில் அறுப்பார்கள். அப்போது வானம் காய்ந்து கிடக்கும். 1 சாமுவேல் 12:17-இல் கோதுமை அறுப்பு நாளில் இடியும் மழையும் வந்தது ஜனங்கள் நடுங்கும் அற்புதமாகச் சொல்லப்படுவது அதனால்தான். ஆக, மூடனுக்குக் கிடைக்கும் மரியாதை வெறும் தொல்லை அல்ல. நடக்கவே கூடாத தலைகீழ் காரியம் என்பதே வசனத்தின் சூடு.

நம் மண் கைகொடுக்கும் இடமும் உண்டு. 21:1-இல் ராஜாவின் இருதயம் கர்த்தரின் கையில் ‘நீர்க்கால்களைப்போல’ இருக்கிறது. மூலத்தில் ‘பல்கே மாயிம்’. பிரித்தல் என்ற வேரிலிருந்து வந்த சொல். தானாக ஓடும் ஆறு அல்ல, ஆள் வெட்டிப் பிரித்த வாய்க்கால். ஆற்று மதகில் லஸ்கர் ஷட்டரைத் தூக்குவதையும், வயலில் மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தி வாமடையைத் திறப்பதையும் பார்த்தவருக்கு இதற்கு உரையே வேண்டாம்.

ஒரே எச்சரிக்கை: பிரசங்கி 11:1-இல் ஆகாரத்தைத் தண்ணீர்மேல் போடச் சொல்வதைச் சேற்று விதைப்பு என்று விளக்காதீர்கள். மூலத்தில் இருப்பது அப்பம், விதை அல்ல. கடல் வாணிபம் என்றோ தர்மம் என்றோ எடுப்பதே பொருந்தும்.

கேள்வி: புது வருஷ வாக்குத்தத்த அட்டையில் “துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும்” என்று யோபு 8:7 வந்தது. சட்டம் போட்டு மாட்டலாமா? (மன்னார்குடி வாசகி)

பதில்: மாட்டுவது உங்கள் விருப்பம் அம்மா. பேசியது யார் என்று மட்டும் பாருங்கள்: யோபுவின் நண்பர்களில் ஒருவரான பில்தாத். பிள்ளைகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருப்பவரிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் இப்படி என்று 8:4-இல் சொன்ன அதே வாய். 42:7-இல் இந்த நண்பர்கள் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கடவுளே கோபிக்கிறார். யோபுவில் எந்த வசனத்தை எடுத்தாலும் மேலே போய்ப் பேசுகிறவர் பெயரைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: நீதிமொழிகளை முதலில் தமிழாக்கியவர் சீகன்பால்குதானே? (தரங்கம்பாடி)

பதில்: இல்லை. 1706-இல் உங்கள் ஊரில் இறங்கியவர், 1719-இல் இறக்கும்போது பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் முடித்திருந்தார். மிச்சத்தை முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்சே. வேடிக்கை என்னவென்றால், சீகன்பால்கு 1708-இலேயே நம் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் பெயர்த்துவிட்டார்.

கேள்வி: வெளிநாட்டில் பிழைப்பவரைப் பற்றி ஞான நூல்களில் ஏதாவது உண்டா? (நாகப்பட்டினம், தற்போது மஸ்கட்)

பதில்: சீராக்கின் ஞானம் படியுங்கள், திருவிவிலியத்தில் இருக்கிறது, பழைய மொழிபெயர்ப்பில் கிடையாது. 29-ஆம் அதிகாரக் கடைசியில் அடுத்தவர் வீட்டில் தங்கும் அந்நியனிடம், என் சகோதரன் வந்திருக்கிறான், இடத்தைக் காலி செய் என்கிறார் வீட்டுக்காரர். அறை பகிர்ந்து தங்கியவர்களுக்கு இது புதிதல்ல. 34-ஆம் அதிகாரத்தில், பயணத்தில் கற்றதும் உயிர் தப்பியதும் வருகின்றன.

முன்னுரையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எழுதியவர் ஆசிரியரின் பேரன். கி.மு. 132 வாக்கில் எகிப்துக்குப் போய், தாத்தா எபிரெயத்தில் எழுதியதை அங்கே வாழ்ந்த தம் மக்களுக்காகக் கிரேக்கத்தில் பெயர்த்தார். ஒரு மொழியில் சொன்னது இன்னொன்றுக்குப் போகும்போது அதே வலு இருப்பதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். 1896 முதல் கெய்ரோ ஜெபஆலயச் சுவடிகளிலிருந்தும் பிறகு 1964-இல் இஸ்ரேலிலுள்ள மசாதா கோட்டையிலிருந்தும் எபிரெய மூலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிட்டதால், பேரன் எங்கே தடுமாறினார் என்று இப்போது ஒத்துப் பார்க்க முடிகிறது.